டார்க் (முறுக்கு விசை) ஏற்றிய மேனுவல் காருக்குக் கட்டுப்படியாகும் கிளட்ச்: கணக்குப் போடுவது முதல் பூட்டி ஓட்டுவது வரை

ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிச் சக்தி ஏற்றுவது) போட்டு இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். நான்காவது கியரில் ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தால் டேக்கோ முள் மட்டும் எகிறுகிறது, கார் அதே வேகத்தில் போகிறது. கிளட்ச் வழுக்குகிறது, அதாவது ஸ்லிப் ஆகிறது. அன்று இரவே ‘ஸ்டேஜ் 3’ கிளட்ச் என்று தேடி, கிடைக்கும் தள்ளுபடியில் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். கோவையில் என்னிடம் வந்த பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இந்த வரிசையில்தான் போயிருந்தார்கள். கிளட்ச் வாங்குவது இந்த வேலையில் ஐந்தாவது படி. முதல் நான்கைத் தாண்டிக் குதித்தவர்கள் கியர்பாக்ஸை இரண்டு தடவை இறக்கினார்கள்.

உதாரணத்துக்கு என் காரையே எடுத்துக்கொள்கிறேன்: 2000-களின் நடுவில் இங்கே விற்ற ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், 5 கியர் மேனுவல். கம்பெனி கொடுத்தது 150 பிஎஸ், 210 நியூட்டன் மீட்டர் டார்க். உங்களுடையது வேறு கார் என்றால் எண்கள் மாறும், படிகளின் வரிசை மாறாது.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

ஓபிடி போர்ட்டில் செருகும் சின்ன ப்ளூடூத் ரீடர், வேகத்தையும் ஆர்பிஎம்மையும் பதிவு செய்யும் மொபைல் ஆப், முடிந்தால் ஒரு டைனோ (காரின் சக்தியை அளக்கும் மெஷின்) ரிப்போர்ட். கூடவே காரின் கியர்பாக்ஸ் கோடு, சேசிஸ் நம்பர். கியர்பாக்ஸ் கோடு தெரியாமல் எந்தக் கடையிலும் கிளட்ச் விலை கேட்காதீர்கள். ஒரே மாடல் காரிலும் வருடத்தைப் பொறுத்து கியர்பாக்ஸ் மாறியிருக்கலாம், கிளட்ச் பிளேட் செருகி நிற்கும் ஷாஃப்ட்டின் ஸ்ப்ளைன் பல் எண்ணிக்கையும் அதோடு மாறலாம்.

டைனோ இல்லையென்றால் ரீமேப் போட்டவரிடம் அந்த மேப்பின் டார்க் எவ்வளவு, எந்த ஆர்பிஎம்மில் வருகிறது என்று எழுதி வாங்குங்கள். ‘200 குதிரை வரும்’ என்ற பதில் உதவாது. கிளட்ச் தாங்க வேண்டியது டார்க்கை, குதிரைத்திறனை அல்ல.

2. நிஜமாகவே ஸ்லிப் ஆகிறதா?

‘ஸ்லிப் மாதிரி இருக்கு’ என்பதை வைத்து கியர்பாக்ஸை இறக்கக் கூடாது. கிளட்ச் பிடித்திருக்கும்வரை ஒரு கியரில் ஆர்பிஎம்மை வேகத்தால் வகுத்தால் எப்போதும் ஒரே எண்தான் வரும். என் காரில் நான்காவது கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் 2,800 ஆர்பிஎம். வகுத்தால் 35.

காலியான நேரான ரோட்டில், நான்காவது கியரில், 2,000 ஆர்பிஎம்மிலிருந்து முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பதிவு எடுங்கள். 90 கிலோமீட்டரில் 3,150 காட்ட வேண்டும். அன்று என் பதிவில் 3,500 இருந்தது. வகுத்தால் 39 வருகிறது, ஆக கிளட்ச் பிளேட் (உராய்ந்து பிடித்து இன்ஜினைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் தட்டு) வழுக்குகிறது. இரண்டு தடவை எடுத்துப் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் பிளேட் சூடேறித் தேய்கிறது.

ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை விட்டு, இன்ஜின் நிற்கிறதா என்று பார்க்கும் பழைய முறை முழுசாகத் தேய்ந்த பிளேட்டை மட்டுமே காட்டிக்கொடுக்கும். நம் பிரச்சினை டர்போ முழு பூஸ்ட் (காற்றழுத்தம்) கொடுக்கும்போது வருவது, அந்தச் சோதனையில் தெரியாது.

எண் மாறியது என்றாலும் பிளேட்டின் பலம் பத்தவில்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் பின்பக்க சீல் கசிந்து பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம். பெடல் முழுசாக மேலே வராமல், கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை லேசாக அழுத்திக்கொண்டே இருக்கலாம். இந்த இரண்டில் எது இருந்தாலும், என்ன விலைக்குப் புது கிளட்ச் போட்டாலும் அதுவும் வழுக்கும். கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் ஈரம் இருக்கிறதா என்று ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள்.

3. எவ்வளவு தாங்க வேண்டும்: கணக்கு

டைனோ ரிப்போர்ட்டில் இருப்பது பெரும்பாலும் சக்கரத்தில் வரும் டார்க். முன்சக்கர மேனுவல் காரில் சுமார் 15 சதவீதம் வழியில் போய்விடும் என்று வைத்துக்கொண்டு, அந்த எண்ணை 0.85-ஆல் வகுங்கள். என்னுடையது சக்கரத்தில் 240. இன்ஜினில் ஏறக்குறைய 282.

இதற்கு மேல் 25 சதவீதம் கூட்டுங்கள்: சுமார் 350 நியூட்டன் மீட்டர். இந்தக் கால் பங்கு எதற்கு? பிளேட் சூடேறினால் பிடிப்பு குறையும். பிளேட் தேயத் தேயப் பிரஷர் பிளேட்டின் அழுத்தமும் மாறும். கியர் மாற்றிக் கிளட்சை விடும் நொடியில் ஃப்ளைவீலின் (பிளேட் உராயும், இன்ஜினோடு சுற்றும் கனத்த சக்கரம்) வேகம் ஒரு தட்டுத் தட்டும். மே மாத வெயிலில் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறவருக்கு இந்த மூன்றும் சேர்ந்தே வரும்.

அதற்காக இரட்டிப்பாக எடுக்கவும் வேண்டாம். 282 வரும் காரில் 600 தாங்கும் கிளட்சைப் போட்டால் மீதிப் பலம் சும்மா கிடக்காது. கனத்த பெடலாகவும், கிளம்பும்போது உதறலாகவும் தினமும் உங்கள் இடது காலுக்கு வந்து சேரும்.

4. கிளட்ச் வாங்கும் முன் மேப்பைத் திருத்த முடியுமா பாருங்கள்

செலவே இல்லாத படி இதுதான். இதைத்தான் எல்லோரும் தவற விடுகிறார்கள்.

ஸ்லிப் பெரும்பாலும் 2,000-லிருந்து 3,000 ஆர்பிஎம்முக்குள், டர்போ திடீரென்று முட்டும் இடத்தில் வருகிறது. என் மேப்பில் 280 அங்கேதான் இருந்தது. ஆனால் 190 பிஎஸ் வருவது 5,500-இல். 190 பிஎஸ் என்பது சுமார் 140 கிலோவாட். அதை 9,549-ஆல் பெருக்கி 5,500-ஆல் வகுத்தால் வெறும் 243 நியூட்டன் மீட்டர். அதாவது டார்க்கை 250-இல் நிறுத்தினாலும் மேலே வரும் 190 பிஎஸ் அப்படியே இருக்கும். ஹைவேயில் ஓவர்டேக் எடுக்கும்போது 3,500-க்கு மேல் வித்தியாசமே தெரியாது.

பிளேட் புதுசு, சீல் கசியவில்லை, ஆனாலும் கொஞ்சம்தான் வழுக்குகிறது என்றால் இந்தத் திருத்தத்தோடு ஒரு வருடம் ஓட்டலாம். ரீமேப் போட்டவரிடம் ‘கீழ் ஆர்பிஎம் டார்க்கை 250-இல் கட்டுங்கள், பூஸ்டைப் படிப்படியாக ஏற்றுங்கள்’ என்று சொன்னால் போதும். ஏற்கெனவே வழுக்கி வழுக்கிக் கருகிய பிளேட்டுக்கு இது மருந்து ஆகாது. எப்படியும் மாற்ற வேண்டியதுதான். ஆனால் எந்த அளவு கிளட்ச் தேவை என்பதை இந்தத் திருத்தம் கீழே இறக்கிவிடும்: 250-க்குக் கால் பங்கு கூட்டினால் 312-தான்.

5. எதை வாங்குவது

‘ஸ்டேஜ்’ என்ற சொல்லை மறந்துவிடுங்கள். அதற்கு ஒரு பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் ஸ்டேஜ் 1 இன்னொன்றின் ஸ்டேஜ் 2-ஐவிட அதிகம் தாங்கலாம். கேட்க வேண்டியது இரண்டு கேள்விதான்: எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும், பிளேட்டில் என்ன பொருள். முதல் கேள்விக்கு எண்ணாகப் பதில் தராத கடையில் வாங்காதீர்கள்.

கிளட்ச் எவ்வளவு தாங்கும் என்பதை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. உராய்வு எண், பிரஷர் பிளேட்டின் அழுத்தம், உராயும் வளையத்தின் சராசரி ஆரம், உராயும் பக்கங்களின் எண்ணிக்கை. நான்கையும் பெருக்கினால் டார்க். 228 மில்லிமீட்டர் பிளேட், உள்விட்டம் 150 என்றால் சராசரி ஆரம் 94.5 மில்லிமீட்டர். உராய்வு எண் 0.3, அழுத்தம் 5,000 நியூட்டன், பக்கங்கள் இரண்டு. விடை ஏறக்குறைய 283.

இதை 340 ஆக்க இரண்டு எளிய வழி உண்டு. அழுத்தத்தை 6,000 ஆக்கலாம், அல்லது உராய்வு எண்ணை 0.36 ஆக்கலாம். காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான். காரில் அப்படியில்லை. அழுத்தம் ஏறினால் பெடல் கனக்கும், ரிலீஸ் பேரிங்குக்கும் கிராங்கின் த்ரஸ்ட் பேரிங்குக்கும் சுமை ஏறும். உராய்வு எண் ஏறினால் பெடல் லேசாகவே இருக்கும், ஆனால் கிளம்பும்போது வெடுக்கென்று பிடிக்கும்.

பிளேட்டின் பொருளைப் பார்ப்போம். ஆர்கானிக் என்பது கம்பெனி பிளேட்டில் வருவதுதான். மெதுவாகப் பிடிக்கும், டிராஃபிக்கில் காலுக்கு இதம், அதிகச் சூட்டில் மட்டும் கைவிடும். கெவ்லார் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் பழக்குவதற்குப் பொறுமை வேண்டும், ஒரு தடவை கடுமையாகச் சூடேறி மேற்பரப்பு கண்ணாடி போல் ஆகிவிட்டால் பழைய பிடிப்புக்குத் திரும்புவது சந்தேகம். செராமிக் வில்லைகள் மூன்று, நான்கு, ஆறு என்று ஒட்டியிருக்கும் ‘பக்’ பிளேட்டுகள் டிராக்குக்கு உரியவை. சூட்டுக்கு அசராது. ஆனால் பாதிப் பிடிப்பு என்பதே அதற்குத் தெரியாது, பெடலை விட்டால் முழுசாகப் பிடிக்கும், இல்லையென்றால் பிடிக்கவே பிடிக்காது.

திருப்பூர் நண்பர் ஒருவர் ஆறு வில்லை செராமிக் போட்டிருந்தார். செட்டிப்பாளையம் ‘கரி’ ரேஸ் டிராக்கில் வருடத்துக்கு இரண்டு நாள் ஓட்டுவார், மீதி நாளெல்லாம் அவினாசி ரோடு சிக்னல்கள். ஒவ்வொரு சிக்னலிலும் கார் நாலு தடவை உதறிக்கொண்டுதான் கிளம்பும். வண்டி நிறுத்தும் இடத்தில் ரிவர்ஸ் எடுக்கையில் பக்கத்தில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டில் யாரும் அந்தக் காரைத் தொடுவதில்லை. ஆறு மாதத்தில் கழற்றி, ஆர்கானிக் பிளேட்டோடு கனத்த பிரஷர் பிளேட் போட்டோம். தினசரி ஓட்டும் காருக்கு நான் சொல்வதும் அதுதான்: 350 வரை தேவை என்றால் ஆர்கானிக் பிளேட், பலப்படுத்திய பிரஷர் பிளேட். அதைத் தாண்டினால்தான் மற்றதை யோசிக்க வேண்டும்.

அதிலும் மலிவான வழி, அதே குடும்பத்தின் பெரிய இன்ஜினுக்குக் கம்பெனியே செய்த கிளட்சைப் போடுவது. ஃபோக்ஸ்வாகன் குடும்பத்தில் இது உலகம் முழுக்கப் பழகிய வழி. பழைய ஜி60 இன்ஜினின் ஒற்றை (ஒரே துண்டான) ஃப்ளைவீல், விஆர்6 இன்ஜினின் 228 மில்லிமீட்டர் பிரஷர் பிளேட், அதற்கான பிளேட். 02ஜே என்ற வகைக் கியர்பாக்ஸ் உள்ள 1.8 டர்போவுக்கும் டிடிஐ டீசலுக்கும் இந்தக் கூட்டு பொருந்தும். ஆறு சிலிண்டர் இன்ஜினுக்காகத் தொழிற்சாலையில் சோதித்த பொருள், பெர்ஃபார்மன்ஸ் என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கிடையாது. பத்து வருடம் கழித்தும் சாக்ஸ், லூக், வாலியோ என்று ஏதாவது ஒரு கம்பெனியின் பெட்டியில் கிடைக்கும். உங்கள் கார் வேறு என்றால், அதே கியர்பாக்ஸ் எந்தப் பெரிய இன்ஜினோடு வந்தது என்று தேடுங்கள். பாதி வேலை முடிந்துவிடும்.

பழைய பிளேட்டுக்கே புது லைனிங் ஒட்டித் தரும் கடைகள் நம் ஊரில் உண்டு. டெம்போவுக்கு அது சரியாக இருக்கலாம். 6,000 ஆர்பிஎம் சுற்றும் டர்போ காருக்கு வேண்டாம். ரிவெட் ஒன்று விட்டுப் போனால் பெல் ஹவுசிங்கே உடையும்.

6. ஃப்ளைவீல்: மறைந்திருக்கும் பெரிய செலவு

நிறைய கார்களில் இருப்பது இரட்டை ஃப்ளைவீல். நடுவில் ஸ்பிரிங் வைத்த இரண்டு தட்டுகள். இன்ஜினின் அதிர்வை அது விழுங்கிக்கொள்வதால், அதோடு வரும் பிளேட்டின் நடுவில் பெரும்பாலும் ஸ்பிரிங் இருக்காது. ஒற்றை ஃப்ளைவீலுக்கு மாறினால் பிளேட்டின் நடுவில் கட்டாயம் ஸ்பிரிங் வேண்டும். இந்த ஜோடியை மாற்றிப் போட்டவர்களின் கியர்பாக்ஸ் பாவம், அத்தனை அதிர்வும் அதற்குள்தான் போகும்.

இரட்டை ஃப்ளைவீலைக் கழற்றியதும் கையால் திருப்பிப் பாருங்கள், முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மேல் ஆட்டம் இருந்தால், கிரீஸ் வெளியே வழிந்திருந்தால், அது முடிந்தது. புது இரட்டை ஃப்ளைவீல் வாங்கும் விலைக்குப் பெரும்பாலும் ஒற்றை ஃப்ளைவீலே வந்துவிடும்.

ஒற்றைக்கு மாறினால் ஒரு விஷயத்தை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். நியூட்ரலில் ஐடிலில் கியர்பாக்ஸ் கடகடக்கும், பெடலை மிதித்தால் நிற்கும். அது பழுது அல்ல. டீசலில் இந்தச் சத்தம் இன்னும் அதிகம், அதனால் தினசரி டீசல் காருக்கு நல்ல நிலையில் இருக்கும் இரட்டை ஃப்ளைவீலை நான் மாற்றச் சொல்வதில்லை. மிகவும் இலகுவான ரேஸ் ஃப்ளைவீலும் வேண்டாம், டிராஃபிக்கில் இன்ஜின் நின்று நின்று போகும்.

7. ஒரே தடவையில் மாற்ற வேண்டியவை

கிளட்ச் வேலையில் பெரிய தொகை கூலியில் இருக்கிறது. கியர்பாக்ஸ் ஒரு தடவைதான் இறங்க வேண்டும். அதனால் கிளட்ச் செட்டின் விலையை மட்டும் பார்த்து ‘கட்டுப்படியாகிறது’ என்று சொல்லாதீர்கள். ரிலீஸ் பேரிங், கிராங்க் பின்பக்க சீல், இன்புட் ஷாஃப்ட் சீல், ஃப்ளைவீல் போல்ட், பிரஷர் பிளேட் போல்ட், கியர் ஆயில், கிளட்சுக்கான பிரேக் ஆயில், உங்கள் காரில் இருந்தால் பைலட் பேரிங். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியரும் சுங்க வரியும். எல்லாம் கூட்டி வரும் தொகைதான் நிஜ விலை.

02ஜே கியர்பாக்ஸில் ரிலீஸ் லீவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கனத்த பிரஷர் பிளேட் வந்தால், பல வருடம் உழைத்த லீவர் அது திரும்பும் முனையில் தேய்ந்து உடைவது தெரிந்த கதை.

சீல் விஷயத்தில் நான் பட்டது இது. முதல் தடவை வேலை நடக்கும்போது ஒர்க்‌ஷாப்பில், ‘சீல் நல்லாத்தான் இருக்குதுங்க சார், எதுக்குங்க மாத்தணும்’ என்றார்கள். நானும் சரி என்றேன். நாலாவது மாதம் மறுபடி வழுக்கல். இறக்கிப் பார்த்தால் புது பிளேட்டின் ஓரமெல்லாம் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. ஒரு சீலின் விலை என்ன, கியர்பாக்ஸ் இறக்கும் கூலி என்ன. எண்ணெய் ஊறிய பிளேட்டைக் கழுவிக் காப்பாற்றவும் முடியாது, லைனிங் அதைக் குடித்துவிடும்.

8. பூட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

புது பிரஷர் பிளேட்டில் துருப் பிடிக்காமல் இருக்க மெல்லிய எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனர் போட்டு, துணி வெள்ளையாக வரும்வரை துடைக்க வேண்டும். ஃப்ளைவீல் முகத்தையும் அப்படியே. ஒற்றை ஃப்ளைவீலில் நீலத் திட்டுகள் இருந்தால் லேத்தில் ஒரு சீவு சீவிக்கொள்ளலாம்.

பிளேட்டைத் திருப்பிப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஜெர்மன் பெட்டியில் வந்த பிளேட் என்றால் நடுப்பகுதியில் ‘கெட்ரீபஸைட்டெ’ என்று அச்சிட்டிருக்கும். கியர்பாக்ஸ் பக்கம் என்று அர்த்தம், அந்த எழுத்து உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் நடுவிலிருக்கும் ஸ்பிரிங் கூடு ஃப்ளைவீல் போல்ட்டில் உரசும், கிளட்ச் விடாது.

ஸ்ப்ளைனில் கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு போதும். பிளேட்டைச் செருகி எடுத்து, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். அதிகம் வைத்தால் சுற்றும்போது தெறித்து லைனிங்கில் போய் உட்காரும்.

பழைய ஃப்ளைவீல் போல்ட்டை மறுபடி பூட்டாதீர்கள். அவை ஒரு தடவை இழுபட்டுப் பிடிப்பதற்காகச் செய்தவை. ஃபோக்ஸ்வாகன் குடும்பத்தின் பல இன்ஜின்களில் 60 நியூட்டன் மீட்டர், அதன் பிறகு 90 டிகிரி. உங்கள் இன்ஜினின் எண்ணை ஒர்க்‌ஷாப் மேனுவலில் பார்த்து உறுதி செய்யுங்கள். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். ஒரே பக்கம் இறுக்கினால் கவர் வளையும், பிறகு உதறல் நிற்காது.

உங்கள் காரில் தானாகவே தேய்மானத்தைச் சரிசெய்துகொள்ளும் வகைப் பிரஷர் பிளேட் இருந்தால், அதை அழுத்திப் பூட்டுவதற்கென்று தனிக் கருவி உண்டு. அந்தக் கருவி இல்லாத ஒர்க்‌ஷாப்பில் கொடுக்காதீர்கள். போல்ட்டால் இழுத்துப் பூட்டினால் உள்ளே இருக்கும் வளையம் நகர்ந்து, முதல் நாளே பெடல் தப்பான உயரத்தில் பிடிக்கும்.

கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் எடை இன்புட் ஷாஃப்ட்டில் தொங்கவே கூடாது. ஷாஃப்ட் பிளேட்டுக்குள் போன நிலையில் ‘ஒரு நிமிஷம்’ என்று விட்டால் பிளேட் வளைந்துவிடும். ஜாக் நகராமல் ஒருவர் பிடிக்க, இன்னொருவர் போல்ட் போட வேண்டும். பெல் ஹவுசிங் முழுசாக ஒட்டாமல் இடைவெளி இருந்தால் போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள், இறக்கிவிட்டு பிளேட்டின் மையத்தைச் சரிபாருங்கள்.

9. முதல் 800 கிலோமீட்டர்

லைனிங்கும் ஃப்ளைவீலும் ஒன்றோடொன்று பழகுவதற்கு நிறையத் தடவை, மெதுவான உராய்வு வேண்டும். அதற்கு ஊருக்குள் ஓட்டுவதுதான் சரி. 800 கிலோமீட்டர் ஹைவேயில் ஓட்டினால் அது கணக்கில் வராது, அங்கே கிளட்ச் பிடித்தபடியே இருக்கிறது. கெவ்லார் என்றால் தயாரிப்பாளர் சொல்லும் தூரம் இதைவிட அதிகமாகவும் இருக்கலாம்.

இந்தக் காலத்தில் கம்பெனி மேப்புக்குத் திரும்பிவிடுங்கள். முழு ஆக்ஸிலேட்டர் வேண்டாம், மலை ஏற்றத்தில் கிளட்சைப் பாதியில் வைத்து நிறுத்துவது வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் லேசான வாடை வந்தால் பயப்படத் தேவையில்லை. ஒரு வாரம் கழித்தும் வந்தால் பெடலின் ஃப்ரீ ப்ளேயை (பிடிக்கும் முன் சும்மா நகரும் தூரம்) பாருங்கள்.

800 முடிந்ததும் காரைத் தூக்கி, பெல் ஹவுசிங்கின் அடியில் விரல் வைத்துப் பாருங்கள், காய்ந்திருக்க வேண்டும். பிறகு ரீமேப்பை ஏற்றி, முதல் பதிவு எடுத்த அதே ரோட்டில், அதே நான்காவது கியரில், 2,000-லிருந்து மிதித்து மறுபடி வகுத்துப் பாருங்கள். என் காரில் 2,000-லிருந்து 5,500 வரை எங்கே வகுத்தாலும் 35 வந்தது.